ஒரு வாளி கோயில் சாமான்

கனடாவில் இருக்கும் என் தம்பிக்குக் கை நனைந்திருந்தால்தான் வாய் திறக்கும். இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. காய்ந்த கையோடு அவன் இரண்டு நிமிடத்துக்கு மேல் அம்மாவோடு கதைத்ததை நான் கண்டதேயில்லை.

நயினாதீவில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கு வைத்த கையோடு அம்மா குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் என் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைக்கவேண்டும். அங்கே அவனுக்கு அப்போதுதான் ஞாயிறு விடிந்திருக்கும். கலைந்த தலையோடும் தேநீர்க் கோப்பையோடும் திரையில் வருவான்.

“சாப்பிட்டனீங்களோ அம்மா?”

“ஓம் அப்பன்.”

“அங்கை மழையோ?”

“இல்லை.”

“கால் நோ எப்பிடி?”

“இருக்குது.”

“சரி அம்மா, அப்ப வைக்கிறன்.”

அவ்வளவுதான். பதில் வந்து சேருமுன்னே அவன் விரல் சிவப்புப் பொத்தானைத் தேடிப் போய்விடும். அம்மா அதற்குப் பிறகும் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அதில் போன வருடத்துத் தேர்ப் படம்தான் தெரியும்.

எங்களுடையது பூசை செய்கிற குடும்பம். வீட்டுக்கு அருகிலிருக்கும் சின்னப் பிள்ளையார் கோயிலில் அப்பாதான் பூசை செய்தார். அவர் போனபிறகு, தம்பி கடல் தாண்டிவிட்டதால், அந்த வேலை என் கணவருக்கு வந்தது. நான் இங்குள்ள பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். விடை பிழையென்று கண்டால் சிவப்புப் பேனை தானாகக் கைக்கு வந்துவிடும். வீட்டிலும் எனக்கு அதே குணம்தான் என்று இவர் சொல்வார். யார் பொய் சொன்னாலும் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும், அதைச் சொல்லாமல் விட்டால் சோறு இறங்காது.

ஒரு ஞாயிறு திரையில் தம்பியின் முகம் வரவில்லை. கைகள்தான் வந்தன. கைபேசியை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, ஒரு வாளிக்குள் கையை விட்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கறுத்துப்போய் இருந்தது.

“உது என்னடா கழுவுறாய்?” என்று அம்மா கேட்டார்.

“அது… சாமான் அம்மா.”

“என்ன சாமான்?”

“பித்தளைச் சாமான்.”

எங்கள் வீட்டில் பித்தளைச் சாமான் என்றால் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. சமைப்பது அலுமினியத்தில், சாப்பிடுவது எவர்சில்வரில். பித்தளை என்றால் தீபத்தட்டு, தூபக்கால், கைமணி, பஞ்சபாத்திரம், குத்துவிளக்கு. கொடியேற்றத்துக்கு முதல் கிழமை அதையெல்லாம் கிணற்றடியில் குவித்து வைத்துப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவதில்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம்.

“கோயில் சாமானோ?” என்றார் அம்மா.

தண்ணீர்ச் சத்தம் சற்று நின்றது.

“ஓம்,” என்றான் தம்பி.

நான் பின்னால் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அந்த ‘ஓம்’ எனக்குப் பிடிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அவன் உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு ஒன்று கிடந்தது. அடியில் விளிம்பு, மேலே ஒடுங்கின கழுத்து. இந்தத் தீவில் சண்டைக் காலத்தில் வளர்ந்த எவருக்கும் அதை இன்னொருவர் சொல்லித்தரத் தேவையில்லை. அது துவக்குக் கோது. புளியங்கோது, முட்டைக்கோது என்கிறோமே, அதுபோல, துப்பாக்கி வெடித்து உள்ளே இருந்தது போனபிறகு மிஞ்சுகிற வெறும் கூடு.

அம்மாவுக்கு வலது கண்ணில் வெண்படலம். கைபேசித் திரையோ ஒரு பிஸ்கற் அளவு. பாவம், அவர் எதைக் கண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூட இடைவேளையில் அவனைக் கூப்பிட்டேன். அங்கே அவனுக்கு நித்திரை நேரம். எனக்கு இரக்கம் வரவில்லை.

“டேய், ஐயர் வீட்டுப் பிள்ளை துவக்குத் தூக்குறதோ?”

“அக்கா, நான் ஒருத்தரையும் சுடேல்லை. கடதாசியைத்தான் சுடுறன்.”

“கடதாசி உனக்கு என்னடா செய்தது?”

அவன் சிரித்துவிட்டுப் பிறகு விளங்கப்படுத்தினான். வேலையிடத்தில் பழக்கமான ஒரு வெள்ளைக்காரன் இவனைச் சனிக்கிழமைகளில் ஒரு துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிப் போகிறானாம். அனுமதிப்பத்திரம் எல்லாம் ஒழுங்காம். தூரத்தில் வட்டம் கீறிய கடதாசி தொங்குமாம், அதைச் சுடுவார்களாம். சுட்ட பின் விழுகிற கோதுகளைப் பொறுக்கி வந்து, கரி போகக் கழுவி, வெடிமருந்தும் ஈயச் சன்னமும் அடைத்தால் அதே கோது மறுபடி வெடிக்குமாம். கழுவாமல் அடைத்தால் துவக்குக்குள் சிக்கிக்கொள்ளுமாம்.

“உனக்குக் குறி வாய்க்குதோ?” என்று கேட்டேன். என்ன இருந்தாலும் தம்பியல்லவா.

“எங்கை! வட்டத்துக்கு வெளியிலதான் போகுது. அக்கா, உண்மையைச் சொன்னால், சுடுறதில எனக்குப் பெரிசா ஒண்டும் இல்லை. உதைக் கழுவுறதுதான் எனக்கு விருப்பம். கறுப்பாப் போறது மஞ்சளா வாறதைப் பாக்க ஒரு சுகம்.”

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மினுக்க ஆசையென்றால் கொடியேற்றத்துக்கு இங்கே வா, குத்துவிளக்கெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கிறது என்றேன். அவன் பேச்சை மாற்றினான்.

“அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா.”

“நான் பொய் சொல்லமாட்டன்.”

“பொய் சொல்லச் சொல்லேல்லை. சும்மா இருங்கோ எண்டுதான் கேக்கிறன்.”

பொய் சொல்வதைவிடச் சும்மா இருப்பது எனக்குக் கடினம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஞாயிறு அவன் அம்மாவோடு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டக் கதைத்திருந்தான். கை வாளிக்குள் இருந்ததால் பொத்தானை அமுக்க ஏலவில்லை. அதற்காகவே வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் கைகள்தான் வந்தன. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். அம்மா கதிரையைத் திரைக்கு இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார். கோயில் சாமான் மினுக்குவதில் அம்மாவுக்கு இருக்கும் அனுபவம் கொஞ்சநஞ்சமா? ஒவ்வொரு கிழமையும் ஒரு புதுச் சட்டம் வந்தது.

“என்ன போட்டுக் கழுவுறாய்?”

“எலுமிச்சை உப்பு அம்மா. கடையில வாங்கினது.”

“ஐயோ, அது கூடிப்போனால் சாமான் செம்பு மாதிரிச் சிவந்துபோம். பழப்புளி போடு. கரைச்சு, சக்கை எடுத்து, அதில ஊறவிடு. ஊறவிட்டிட்டு எழும்பிப் போகக்கூடாது. பக்கத்திலயே இருக்கவேணும்.”

இருந்தான். வேறு வழி? ஊறும்வரை அவர்கள் இருவருக்கும் கதைப்பதைத் தவிர வேலை இல்லை.

“எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுக் குலுக்காதை. ஒண்டொண்டா எடுத்துத் தேய்.”

தேய்த்தான்.

“உள்ளுக்கையும் தேய். வெளியில மினுங்கி உள்ளுக்கை கறுப்பெண்டால் சுவாமி ஏற்பாரோ?”

“விரல் போகாது அம்மா.”

“ஒரு ஈர்க்கில துணியைச் சுத்தி விடு.”

கனடாவில் ஈர்க்குக்கு எங்கே போவது? பற்தூரிகையை வெட்டி ஏதோ செய்தான். காயவைக்கிற கட்டம் வந்தபோது பெரிய வழக்கே நடந்தது. அங்கே அப்போது பனி. வெயில் இல்லை. தம்பி அவற்றை அடுப்புப் போறணைக்குள் வைத்துக் காயவைப்பதாகச் சொல்லிவிட்டான்.

“போறணைக்கையோ! அதுக்கை நீ என்னென்ன சமைச்சிருப்பாய்? சுவாமிச் சாமானை அதுக்கை வைக்கிறதோ?”

“அப்ப என்னண்டு அம்மா காயவைக்கிறது?”

“துணியால துடை. ஒண்டொண்டா.”

நான் துருவலையில் இருந்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். துவக்குக் கோதுக்கு ஆசாரம் பார்க்கிற ஒரே வீடு இந்த உலகத்தில் எங்கள் வீடாகத்தான் இருக்கும். ஒருநாள் அவன் வாய்தவறி, “மருந்துக் கரி போகுதில்லை அம்மா,” என்று சொல்லிவிட்டான். அம்மா, “என்ன மருந்து?” என்றார். “சாமானுக்குப் போடுற மருந்து,” என்றான். “ஓ, அப்பச் சரி, இன்னும் கொஞ்சம் புளி விடு,” என்றார் அம்மா. அன்று அவனைக் காப்பாற்றியது பழப்புளி.

ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் அவன் கதைத்ததெல்லாம் நான் அதுவரை கேட்காத கதைகள். கண் வாளியில் இருக்கும், கை தேய்க்கும், வாய் தன்பாட்டில் போகும். வேலையிடத்து மேலாளரின் குறட்டைபோன்ற சிரிப்பு, பனியில் வழுக்கி விழுந்தது, புட்டு அவிக்கப் போய்க் களியானது. ஒருநாள், அதே குரலில், அதே வேகத்தில் தேய்த்துக்கொண்டே, “அவ போயிற்றா அம்மா,” என்றான். அவனுடைய மனைவியைச் சொன்னான். பிரிந்து போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டனவாம். வீட்டை விற்றுவிட்டு இப்போது யாரோ ஒருவரின் வீட்டு பேஸ்மென்ற்றில், நிலத்துக்குக் கீழே உள்ள அறையில், தனியாக இருக்கிறானாம். அப்போதுதான் நாங்கள் அறிந்தோம்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா கத்துவார், அழுவார் என்று பயந்தேன். அம்மா திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

“அந்தப் பிள்ளை சுகமா இருக்கிறாளோ?” என்று கேட்டார்.

“இருக்கிறா அம்மா.”

“ம். அது மினுங்கிப்போச்சு. அடுத்ததை எடு.”

அவன் அடுத்ததை எடுத்தான். அன்று வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவினான். அம்மாவின் அந்தப் பதில் எனக்கு அப்போது விளங்கவேயில்லை. இவ்வளவு பெரிய செய்தி சொல்லும்போது சாமான் மினுங்குவதா முக்கியம் என்று எனக்குள் கொதித்தேன்.

இதற்கிடையில் கதைக்குக் கால் முளைத்துவிட்டது. அம்மாதான் முளைக்க வைத்தார். பூ எடுக்க வந்தவர்களிடம் சொன்னார், கீரைக்காரியிடம் சொன்னார். கனடாவில் பெரிய கோயிலாம், அங்கே சந்தனம் வைக்கச் சின்னச் சின்னப் பித்தளைச் சிமிழ்கள் வாளிக் கணக்கில் இருக்கின்றனவாம், தன் மகன்தான் கிழமைக்குக் கிழமை மினுக்குகிறானாம். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் படகில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயரம்மா, உங்கடை தம்பி அங்கை போயும் கோயில் தொண்டை விடேல்லையாம். அப்பாவின்ரை குணம் விடுமோ!”

நான் கடலைப் பார்த்தேன். கடலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

கடைசியில் கதை எங்கள் கோயில் தர்மகர்த்தாவின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் ஒருகாலத்தில் தெற்கே பெரிய கடை வைத்திருந்தவர். நல்ல பொருள் எங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு மாலை வெற்றிலை வாயோடு வந்து முற்றத்தில் நின்றார்.

“பெரியம்மா, தம்பியிட்டைச் சொல்லி அந்தச் சிமிழில கொஞ்சம் எங்கடை பிள்ளையாருக்கும் எடுப்பிப்பமோ? திருவிழாவில சந்தனம் வைச்சுக் குடுக்க வடிவா இருக்கும்.”

எங்கள் பிள்ளையாருக்கு முன்னால் துவக்குக் கோதில் சந்தனம்! என் கணவர் தீபத்தட்டோடு நிற்கிற காட்சி கண்முன் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்தேவிட்டேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

“அது ஏலாது. அந்தச் சுவாமிக்கு எண்டு விட்ட சாமான் கடல் தாண்டக்கூடாது.”

தர்மகர்த்தா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அப்படி ஒரு சட்டத்தை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் கேட்டேன். அவரும் கேள்விப்பட்டதில்லையாம். “ஆனால் உங்கடை அம்மா சொன்னால் எங்கேயாவது இருக்கும்,” என்றார்.

பிறகு வந்தது அந்த மிசின்.

ஒரு ஞாயிறு தம்பி முகமெல்லாம் பல்லாக வந்தான். ஒரு இயந்திரம் வாங்கப்போகிறானாம். ஒரு உருளை. அதற்குள் சாமான்களையும் தண்ணீரையும் கம்பி ஊசித் துண்டுகளையும் போட்டு மூடிவிட்டால் தானாகச் சுற்றும். உள்ளும் புறமும் புதுசுபோல வந்துவிடும். கையே வைக்கத் தேவையில்லை.

அம்மா சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“மிசினில கழுவின சாமானைச் சுவாமி ஏற்பாரோ அப்பன்?”

“அதெல்லாம் ஏற்பார் அம்மா. இங்கை எல்லாரும் இப்ப மிசின்தான்.”

“உன்ரை கையால செய்யிற மாதிரி வருமோ?”

“அதைவிட நல்லா வரும் அம்மா!”

அம்மா மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினார். அவன் சொன்னபடியே வாங்கினான். அடுத்த ஞாயிறு திரையில் கைகள் இல்லை. முகம்தான் வந்தது, தேநீர்க் கோப்பையோடு. பின்னால் கடகடவென்று ஒரு சத்தம்.

“சாப்பிட்டனீங்களோ அம்மா?”

“ஓம் அப்பன்.”

“அங்கை மழையோ?”

“இல்லை.”

“சரி அம்மா, வைக்கிறன்.”

கால் நோவைக்கூடக் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. மிசின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அவன் கை காய்ந்திருந்தது, பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. அம்மா தேர்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு கதிரையிலேயே இருந்தார். நான் போய்க் கைபேசியை எடுத்தபோதுதான் எழுந்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா எதற்காக முகம் வாடிப்போய் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். மகன் செய்த தெய்வத் தொண்டு நின்றுபோயிற்று, மிசின் வந்து அதைப் பறித்துவிட்டது, அதுதான் கவலை. அது தொண்டே இல்லை என்று தெரிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லையே. என் கணக்கு அப்படிப் போயிற்று. மறுநாள் மாலை, அம்மா கிணற்றடியில் தீபத்தட்டை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்க் குந்தினேன்.

“அம்மா, நான் ஒண்டு சொல்லுவன், கோவிக்கக்கூடாது. தம்பி கழுவினது கோயில் சாமான் இல்லை. துவக்குக் கோது.”

“தெரியும்,” என்றார் அம்மா. தேய்ப்பது நிற்கவில்லை.

“என்ன?”

“தெரியும் எண்டுறன். அந்தச் சாம்பலை இஞ்சாலை தா.”

நான் சாம்பல் இருந்த தகரப் பேணியைக் கொடுத்தேன். பிறகுதான் வாய் வந்தது.

“எப்ப இருந்து?”

“முதல் நாளே. சண்டைக் காலத்தில விடியக் கோயில் வீதி கூட்டினது ஆர், நீயோ? விளக்குமாத்தில கிலுகிலு எண்டு வரும். அள்ளி அள்ளிப் பேணியில போட்டிட்டுத்தான் அப்பா பூசைக்கு மணி அடிக்கிறவர். எனக்குக் கோது தெரியாதோ? அதோடை, கழுத்து ஒடுங்கின சிமிழ் எந்தக் கோயிலிலயடி இருக்கு? விரல் போகாத சிமிழில சந்தனம் வைச்சால் என்னண்டு எடுக்கிறது?”

கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு இது தோன்றவில்லை.

“பின்னை ஏன் கோயில் சாமானோ எண்டு கேட்டனீங்கள்?”

“துவக்குக் கோதோ எண்டு கேட்டிருந்தால் அவன் போனை வைச்சிருப்பான்.”

பழப்புளியில் ஊறவிடு, பக்கத்திலேயே இரு, ஒண்டொண்டாத் தேய், துணியால் துடை. அம்மா போட்ட சட்டங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சுவாமிக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அத்தனையும் நேரத்தை இழுக்கப் போட்டவை. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, “ஊருக்கெல்லாம் ஏன் சொன்னனீங்கள்?” என்று கோபமாகக் கேட்டேன்.

“ஊர் புகழ்ந்தால் அவனுக்கு விட ஏலாமல் போகும் எண்டு நினைச்சன். மிசின் வருமெண்டு ஆருக்குத் தெரியும்?” அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். “பிள்ளை, ஒண்டு மட்டும் எனக்குத் தெரியாது. கேக்கவும் ஏலாது. அவன் என்னத்தைச் சுடுறான்? உயிரையோ?”

“இல்லையம்மா. கடதாசியை.”

“கடதாசியையோ?”

“ஓம். அதுவும் குறி வாய்க்குதில்லையாம்.”

அம்மா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இத்தனை மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டுதான் திரைக்கு முன்னால் இருந்திருக்கிறார். “பிள்ளையாரே, கடதாசியை!” என்று கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு முகம் மாறி, “எனக்குத் தெரியுமெண்டு அவனுக்குச் சொல்லாதை, என்ன?” என்றார்.

“நான் பொய் சொல்லமாட்டன் அம்மா.”

“பொய் சொல்லச் சொல்லேல்லை. சும்மா இரு.”

தாயும் மகனும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறார்கள்.

அன்றே தம்பியைக் கூப்பிட்டேன். அம்மா சொல்லாதே என்றதைச் சொல்லவில்லை. சொல்லாதே என்று அவர் சொல்லாததைச் சொன்னேன்.

“உன்ரை மிசின் வந்த நாளிலயிருந்து அம்மா ஞாயிறுகளில சாப்பிடுறேல்லை. அம்மாவோடை கதைக்க உனக்குக் கை நனையவேணுமோடா?”

“வைக்கிறன் அக்கா,” என்று சொல்லி வைத்துவிட்டான். இவனிடம் சொல்லி என்ன பலன் என்று நான் இவரிடம் புறுபுறுத்தேன்.

ஞாயிறு வந்தது. அம்மா விளக்கு வைத்துவிட்டு வந்து, எதிர்பார்ப்பில்லாதவர்போலச் சுளகையும் எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கைபேசி அடித்தது.

திரையில் கைகள் வந்தன. முழங்கைவரை நனைந்திருந்தன. வாளியும் இருந்தது.

“மிசின் பழுதாப் போச்சு அம்மா.”

“அடடா,” என்றார் அம்மா. அந்த அடடாவில் துக்கம் மருந்துக்கும் இல்லை. “மிசின் எண்டால் அப்பிடித்தான் அப்பன். புளி கரைச்சு வைச்சிருக்கிறியோ?”

“ஓம் அம்மா.”

எனக்கு மூக்கில் வியர்த்தது. துருவலையை விட்டு எழுந்து வந்து அம்மாவின் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தேன். வாளித் தண்ணீர் தெளிந்திருந்தது. அதில் கரி ஒரு துளியும் இல்லை. அவன் கையிலிருந்த கோது, தேய்ப்பதற்கு முன்னமே, கோயில் கலசம்போலப் பளபளத்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் எங்கோ கடகட, கடகட என்று சத்தம்.

“அது என்ன சத்தம் அப்பன்?”

“மேல்வீட்டில உடுப்புத் தோய்க்கினம் அம்மா.”

“ஓம் ஓம். ஞாயிற்றுக்கிழமைதானே.”

என் வாய் துடித்தது. அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் போய்த் துருவலையில் இருந்தேன். அன்று துருவவேண்டிய தேங்காய் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. வெறும் சிரட்டையைத்தான் துருவிக்கொண்டிருந்தேன்.

தம்பி புட்டுக் கதை ஒன்று சொன்னான். பிறகு பேஸ்மென்ற் யன்னலுக்கு வெளியே பனி உருகுவதைச் சொன்னான். கொடியேற்றத்துக்கு லீவு கேட்டுப் பார்க்கலாமோ என்று யோசிப்பதாகவும் சொன்னான், அதை மட்டும் மெல்லச் சொன்னான். அம்மா எல்லாவற்றுக்கும் “ம், ம்” என்றார். கடைசியில் அவன் கையிலிருந்ததைத் துடைத்துத் திரைக்குக் கிட்டப் பிடித்தான்.

“இவ்வளவு மினுக்கினது காணுமோ அம்மா?”

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“எங்கை, திருப்பு பாப்பம்… இல்லை அப்பன். உள்ளுக்கை இன்னும் கறுப்புக் கிடக்குது. வடிவாத் தேய்.”

“ஓம் அம்மா,” என்று அவன் மறுபடியும் கையை நனைத்தான்.